திறப்பும் பொறுப்பும்

இரும்பு அலுமாரியின் திறப்புத் தொலைந்துவிட்டால் என்ன செய்வதென்பது நம் எல்லோருக்கும் தெரியும். வேறொரு திறப்பு எங்கேனும் உண்டோ என்று தேடுவோம். இல்லையெனில் பூட்டுத் திருத்துபவரை அழைப்போம். அவரும் கைவிரித்தால், சாட்சிகள் இருவரை அருகில் வைத்துக்கொண்டு பூட்டை உடைப்போம். ஆனால் அந்தத் திறப்புக் கையிலே பிடிக்கும் பொருளாயிராமல், ஒருவருடைய நெஞ்சிலே மட்டும் இருந்த ஒரு சொல்லாயிருந்து, அந்த நெஞ்சும் ஓய்ந்துபோய்விட்டால் யாது செய்வது? கல்முனையில் நான் அதிபராகப் பணியாற்றும் பாடசாலையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்த வினா எழுந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணினியின் உட்புறம் அந்நாள்வரை அயல்நாடாகவே இருந்தது. அன்று நான் அதனுள்ளே கண்டவற்றையும், கண்டபின் கருதியவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்கள் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று காலை கடல் கொண்டுபோனவை உயிர்களும் வீடுகளும் மட்டுமல்ல. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பதிவேடுகளும் அவற்றோடு போயின. எங்கள் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளும் அவ்வாறே போயின. பின்வந்த ஆண்டுகளில் எங்கள் ஆசிரியர் ஒருவர் வீடு வீடாகச் சென்றார். பெற்றோரிடமும் உறவினரிடமும் எஞ்சியிருந்த பத்திரங்களைப் பார்த்தும், தேர்ச்சி அறிக்கைகளை ஒப்பிட்டும், மூத்த ஆசிரியர்களின் நினைவைக் கேட்டும் அந்த இடாப்பை மீண்டும் உருவாக்கினார். அதனை ஒரு கணினியிலே பதிந்து, ஆண்டுதோறும் திருத்திவந்தார். ஒருமுறை அச்சிட்டுக் கட்டிய பிரதியும் உண்டு; ஆயினும் பின்னர் செய்த திருத்தங்கள் அதில் இல்லை.

அந்தக் கணினியில் இருந்த பணிசெயல் முறைமை லினக்ஸ் என்பது. பணங்கொடுத்து உரிமம் வாங்க வேண்டாத முறைமை ஆதலால் அவர் அதனைத் தெரிந்தெடுத்தார். ஒருநாள் திடீரென அவர் இறையடி சேர்ந்தார். ஜனாசா நல்லடக்கத்தின்போது அவருடைய பொறுமையையும் உழைப்பையும் எல்லோரும் எடுத்துப் பேசினோம். அவரோடு ஒரு சொல்லும் மண்ணுக்குள் போயிற்று என்பது அவ்வேளை எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஆழிப்பேரலையில் தாய் தந்தை இருவரையும் இழந்து, பாட்டியின் கையில் வளர்ந்த ஒரு பழைய மாணவி விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். தொழிலொன்றுக்கான நேர்முகப் பரீட்சை அண்மித்திருந்தது. அவருடைய சேர்விலக்கமும் திகதியும் அந்தக் கணினியில் இருந்தன. கணினியை இயக்கினோம். அது பெயரைக் கேட்டது; கொடுத்தோம். கடவுச்சொல்லைக் கேட்டது, எங்களிடம் இல்லை. அந்தப் பிள்ளை என் மேசைக்கு எதிரே கதிரையில் அமர்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தவாறு இருந்தார்.

எளிய சந்தேகங்களை முதலில் தீர்த்துக்கொண்டோம். ஆசிரியர் ஒரு துண்டுத்தாளில் குறித்துவைத்திருந்த பழைய சொல் ஒன்று அகப்பட்டது. லினக்ஸின் கரும்பலகை போன்ற திரையிலே கடவுச்சொல்லைத் தட்டும்போது எழுத்தும் தோன்றாது, புள்ளியும் தோன்றாது. ஆகையால் பெரிய எழுத்துக்குரிய விசை பூட்டியிருந்தாலும், இலக்க விசைகள் அணைந்திருந்தாலும், விசைப்பலகை நமது ரெங்கநாதன் தமிழ் அமைப்புக்கு மாறியிருந்தாலும், தட்டுபவர் அறியாமலே சொல் பிழைத்துவிடும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கலங்குவோர் முதலில் இம்மூன்றையும் பார்த்தல் நன்று. நாங்களும் பார்த்தோம், பயனில்லை. அந்தச் சொல் பின்னர் மாற்றப்பட்டிருந்தது.

அப்போது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் முன்வந்தான். “சேர், ஐந்து நிமிடத்திலே திறந்து தருகின்றேன்” என்றான். எவ்வாறு என வினவினேன். லினக்ஸைப் புதிதாக நிறுவிவிட்டால் கடவுச்சொல்லையும் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்றான். “அப்படியானால் உள்ளே இருப்பவை?” என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பூட்டைத் திறப்பதற்காக வீட்டையே கொளுத்தும் வழி அது. இயந்திரத்தை எவரும் தொடக்கூடாது எனக் கட்டளையிட்டு, அயற் பாடசாலையொன்றில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் அன்பரை அழைத்தேன்.

அவர் வந்து அமர்ந்ததும் நான் கேட்ட முதற் கேள்வி இது: “அந்தக் கடவுச்சொல் கணினிக்குள்ளேதானே இருக்கின்றது? அதனை எடுத்துப் பார்க்க முடியாதா?” அவர் கூறிய மறுமொழி எனக்குப் புதுமையாயிருந்தது. கடவுச்சொல் கணினிக்குள் இல்லை என்றார். அஃது எவ்வாறென்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் தோழர்களும் செய்த முயற்சியால் உருவாயிற்று. ஒருவருடைய கோப்பை மற்றவர் பாராதிருக்கும் பொருட்டு அவர்கள் கடவுச்சொற்களை ஏற்படுத்தினார்கள். அச்சொற்கள் யாவும் எழுதியவாறே ஒரு கோப்பில் இருந்தன. ஒருநாள், அன்றைய அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட்டன. கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன!

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் முறைமை இத்தகைய விபத்துகளிலிருந்து பாடம் கற்றது. அதிலே கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைப்பதில்லை. சொல்லை ஒரு கணிதச் செய்கையினால் உருமாற்றி, அந்த உருவத்தை மட்டுமே சேமிப்பார்கள். அரிசியை இடித்து மாவாக்கலாம். மாவைக் கொண்டு அரிசியை மீளப் படைக்க இயலாது அன்றோ? நாம் சொல்லைத் தட்டும்போது கணினி அதனையும் இடித்து மாவாக்கி, முன்னர் வைத்த மாவோடு ஒப்பிடுகின்றது. இரண்டும் ஒன்றாயின் உள்ளே விடுகின்றது. இருவர் ஒரே சொல்லைத் தெரிந்தெடுத்தாலும் அவர்களுடைய மாவு வேறுபடும்படி சிறிது கலப்பும் சேர்ப்பார்கள். இம்முறையை 1979இல் ரொபேர்ட் மொரிஸும் தொம்சனும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அந்தக் கலப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’ என்பதாகும்.

மாவிலிருந்து அரிசியைத் தேடுவோர் செய்யக்கூடியது ஒன்றே. உலகிலுள்ள அரிசியையெல்லாம் ஒவ்வொன்றாக இடித்துப் பார்த்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் அவ்வாறு செய்து, தொம்சன் முற்காலத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார்கள். நவீன கருவி கொண்டு நான்கு நாட்களுக்கு மேல் முயன்ற பின்னரே அது வெளிப்பட்டது. சதுரங்கத்தில் பிரியமுடைய அவர், காயொன்றை முதலில் நகர்த்தும் குறியீட்டையே கடவுச்சொல்லாக வைத்திருந்தாராம். இன்றைய உருமாற்ற முறைகளோ அக்காலத்தவற்றினும் பன்மடங்கு வலியவை. ஆதலால் மறந்த சொல்லைத் தேடுவது வீண். செய்யக்கூடியது புதிய சொல்லை வைப்பதே.

புதிய சொல்லை வைக்கும் அதிகாரம் எவருக்கு உண்டு? யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் எல்லாம் பயனர்கள் பலர் இருப்பினும், அனைத்துக்கும் மேலான பயனர் ஒருவரே. அவருடைய இலக்கம் பூச்சியம், பெயர் ரூட். ‘வேர்’ என்பது அதன் பொருள். வேருக்குத் தடையில்லை. எந்தக் கோப்பையும் படிக்கலாம், எந்தச் சொல்லையும் மாற்றலாம், யாவற்றையும் அழிக்கலாம். லினக்ஸும் இதே அமைப்பை உடையது. பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருனியை 1991இல் வெளியிட்டார். எங்கள் கணினியில் வேரின் அதிகாரத்தை ஏற்கும் உரிமை அந்த ஆசிரியரின் கணக்குக்கு மட்டுமே இருந்தது.

“அப்படியானால் வழியே இல்லையா?” என்றேன். “வாயிற்காவலன் வருமுன் உள்ளே போக வேண்டும்” என்றார் அன்பர்.

கணினியை இயக்கியதும் நடப்பதை அவர் படிப்படியாக விளக்கினார். முதலில் கிரப் எனப்படும் ஏற்றி விழிக்கின்றது. அது முறைமையின் உள்ளமாகிய கருனியை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுகின்றது. கருனி தான் விழித்தபின் இனிட் என்னும் முதற் செயலியைத் தொடக்குகின்றது. இனிட் ஏனைய பணியாளர்களை ஒவ்வொருவராக எழுப்புகின்றது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வாயிற்காவலன் அவர்களுள் கடைசியாக வருபவன். கருனியிடம், “இனிட்டை எழுப்ப வேண்டாம், கட்டளை ஏற்கும் செயலியாகிய பாஷை மட்டும் எழுப்பு” என்று கூறினால், காவலன் எழுவதே இல்லை. அப்போது விசைப்பலகையின் முன் இருப்பவரே வேர் ஆகிவிடுவார்.

பழுது பார்ப்பதற்கென்றே இந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஆயினும் இதனைக் கேட்டதும் என் மனம் துணுக்குற்றது. இவ்வளவு எளிதாயின் பூட்டினால் என்ன பயன்? அந்த அன்பர் அமைதியாகச் சொன்னார்: “கடவுச்சொல் தூரத்திலிருந்து வருபவரைத் தடுக்கும். இயந்திரத்தையே கையில் வைத்திருப்பவரைத் தடுப்பது அறையின் கதவு. அதிபர் அவர்களே, கணினி அறையின் திறப்பு யாரிடம் இருக்கின்றது?” அந்தத் திறப்பு என் காரியாலயத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்!

செய்ய முடியும் என்பது தெளிவாயிற்று. செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், சட்டபூர்வமான அதிகாரமின்றி ஒரு கணினியினுள் நுழைவதைக் குற்றமாக்குகின்றது. கணினி பாடசாலையின் உடைமை. அதன் பொறுப்பு அதிபரைச் சார்ந்தது. ஆயினும் அதிகாரம் உண்டென்று நெஞ்சுக்குள் எண்ணிக்கொண்டாற் போதாது. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் காரணத்தையும் திகதியையும் எழுதினேன். பிரதி அதிபரைச் சாட்சியாக அழைத்தேன். அதன் பின்னரே கணினி அறையைத் திறந்தோம்.

அன்பர் கணினியை இயக்கி, கிரப் பட்டியல் தோன்றியதும் ஆங்கில ‘ஈ’ எழுத்துக்குரிய விசையை அழுத்தினார். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியொன்று வந்தது. அதில் ‘ஆர் ஓ’ என்றிருந்ததை ‘ஆர் டபிள்யூ’ என மாற்றினார். படிக்க மட்டும் திறந்திருந்த வட்டை எழுதவும் திறக்குமாறு சொல்வது அது. அதனை மறந்தால், புதிய சொல்லை எழுத இடமின்றிக் கணினி பிழை கூறும். பின்னர் அவ்வரியின் இறுதியில் ‘இனிட்’, சமன் குறி, சாய்கோடு, ‘பின்’, சாய்கோடு, ‘பாஷ்’ என இடைவெளியின்றிச் சேர்த்தார். கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினார். இந்த மாற்றம் அந்த ஒருமுறை எழுச்சிக்கு மட்டுமே உரியது. அடுத்த முறை பழைய வரியே மீளும்.

திரையில் சில வரிகள் ஓடி நின்றன. கேள்வி எதுவும் எழவில்லை. ஒரு சிறு குறி மட்டும் கட்டளைக்குக் காத்திருந்தது. ‘பாஸ்வேர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இடையிலுள்ள ஓ, ஆர் ஆகிய இரண்டு எழுத்துகளை நீக்கினால் வரும் கட்டளையைத் தட்டி, ஆசிரியரின் பயனர் பெயரை அதன்பின் எழுதினார். புதிய சொல்லை இருமுறை கேட்டது. இருமுறையும் நானே தட்டினேன். பின்னர் எழுதியவை வட்டிலே பதிவாகும்படி செய்து, கணினியை மீள இயக்கினோம். சிவப்புத் தொப்பி வழிவந்த சில லினக்ஸ் வகைகளில், மேலதிகப் பாதுகாப்புக் குறிகளையும் புதுப்பிக்குமாறு ஒரு குறிப்பை விட்டுவர வேண்டும். இல்லையெனில் புதிய சொல்லும் ஏற்கப்படாது என்றார். எங்கள் கணினியில் அந்தத் தொல்லை இல்லை. காவலன் வந்தான், சொல்லைக் கேட்டான், வழிவிட்டான். அந்தப் பிள்ளையின் பெயரும் சேர்விலக்கமும் திகதியும் பழுதின்றி இருந்தன. அன்று பிற்பகலே விடுகைப் பத்திரத்தைக் கையளித்தோம்.

வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் இந்தக் கதைக்கு இம்முடிவு கிட்டியிராது. லினக்ஸில் லக்ஸ் எனப்படும் மறைகுறி முறை உண்டு. அதிலே சொல் இல்லாமற் போனால் வட்டில் எஞ்சுவது பொருளற்ற எண்களின் குவியலே; காவலனைத் தாண்டினாலும் அவற்றைப் படிக்க இயலாது. ஆனால் அதனை அமைத்தோர் ஒரு வழி செய்துள்ளனர். ஒரே வட்டுக்குப் பல திறப்புகளை வைக்கலாம். முதற் பதிப்பில் 8 திறப்புகளுக்கும், இரண்டாம் பதிப்பில் 32 வரையிலும் இடமுண்டு. அந்த வசதி இருந்தும் ஒரு திறப்பை மட்டும் ஒருவர் நெஞ்சில் வைப்போமாயின், குறை இயந்திரத்தினதன்று.

கணினி திறந்தபின் ஒரு கணம் நான் தயங்கி நின்றேன். அந்த ஆசிரியருடைய தனிப்பட்ட கோப்புகளும் அங்கே இருந்தன. கடிதங்கள் என்று ஒரு தொகுப்பு. பிள்ளைகளின் பெயரால் ஒரு தொகுப்பு. வேருக்கு எல்லாம் தெரியும். எங்களுக்குத் தெரிய வேண்டியது சேர்வு இடாப்பு மட்டுமே. தனிப்பட்ட தொகுப்புகளைத் திறவாமலே ஒரு வட்டில் பிரதி செய்து, உறையிலிட்டு அவருடைய மனைவியாரிடம் சேர்ப்பித்தோம். அவை எங்களிடம் அகப்பட்ட அமானிதம்.

அமானிதம் என்றதும் இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது. சான் பிரான்சிஸ்கோ மாநகரின் கணினி வலையமைப்பைப் பராமரித்த டெரி சைல்ட்ஸ் என்பவர், அதன் கடவுச்சொற்களை மேலதிகாரிகளுக்குக் கொடுக்க மறுத்தார். அவற்றைக் காக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்பது அவர் கட்சி. வலையமைப்பு இயங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் அதனை ஆளும் வழி நகராட்சிக்கு இல்லாமற் போயிற்று. அவர் சிறைப்பட்டார். நகரத் தலைவராயிருந்த கவின் நியூசம் சிறைக்கே சென்று சந்தித்தபோதுதான் சொற்களைக் கொடுத்தார். 2010இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தான் காத்த பொருளைத் தன் பொருளென்று அவர் எண்ணத் தொடங்கியதே இதற்கெல்லாம் மூலம்.

மற்றையது, நம்மில் பலர் சிறுபராயம் முதல் கேட்டறிந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில் கஃபாவின் திறப்பு நபிகள் நாயகம் அவர்களின் கைக்கு வந்தது. அந்நாளில் அதனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவோ, தமக்கு நெருங்கியவருக்குக் கொடுக்கவோ அவர்களைத் தடுக்க வல்லார் எவருமிலர். எனினும் அதுவரை அதனைக் காத்துவந்த உஸ்மான் இப்னு தல்ஹாவையே அழைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. இன்றும் அத்திறப்பு பனூ ஷைபா குலத்தாரிடமே இருக்கின்றது. எடுக்க முடிந்தவர் உரியவருக்குக் கொடுத்தார். கணினி அறையில் நின்றபோது எனக்குத் துணையாயிருந்தது இந்த நினைவே.

அதன்பின் எங்கள் பாடசாலையில் சில ஒழுங்குகளைச் செய்தோம். வேரின் அதிகாரம் இப்போது இரண்டு ஆசிரியர்களுக்கு, வெவ்வேறு பெயரிலும் வெவ்வேறு சொல்லோடும் உண்டு. மூன்றாவதாக ஒரு சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, நானும் பிரதி அதிபரும் குறுக்கே கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைத்துள்ளோம். பள்ளிவாசல் உண்டியலை நம்பிக்கையாளர் சபையார் முன்னிலையில் திறப்பதுபோல, அந்த உறையையும் சாட்சியோடுதான் திறக்க வேண்டும். திறந்தால் சம்பவத் திரட்டில் எழுத வேண்டும். சொல்லையும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சொல் செல்லுபடியாகின்றதா எனச் சோதிக்கின்றோம். சேர்வு இடாப்பின் பிரதியொன்றைக் கடலுக்குத் தொலைவான இடமொன்றிலும் வைத்திருக்கின்றோம். இடமாற்றம் பெற்றுச் செல்பவர் கையளிக்கும் பொருட்களின் பட்டியலில் கதிரை, மேசை, அலுமாரியோடு கடவுச்சொல்லும் ஓர் உருப்படியாயிற்று. கணினி அறையின் திறப்பு அந்த ஆணியில் இப்போது தொங்குவதில்லை.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் உறையும் சிறிது அரக்கும் போதும். ஆயினும் அந்த ஆசிரியர் உயிரோடிருந்த நாளில் இவற்றை நான் செய்யவில்லை. “அவர் இருக்கின்றார், பார்த்துக்கொள்வார்” என்றிருந்தேன். அதனை அவர்மீது வைத்த நம்பிக்கை என்று அப்போது எண்ணினேன். பொறுப்பு முழுவதையும் ஒரு மனிதரின் தோளில் ஏற்றிவிட்டு நான் இளைப்பாறினேன் என்பதை இப்போது உணர்கின்றேன். சொல் தொலைந்த குற்றம் அவருடையதன்று.

நேயர்களே, உங்கள் சங்கத்திலும் கூட்டுறவுக் கடையிலும் நூலகத்திலும் வீட்டிலும் இத்தகைய சொல் ஒன்று யாரோ ஒருவருடைய நெஞ்சில் மட்டும் இருக்கக்கூடும். அவர் நலமாயிருக்கும் இந்த நாளிலேயே அவரோடு அமர்ந்து, அந்தச் சொல்லை ஓர் உறையில் இடச் சொல்லுங்கள்.